மூன்று கூவல்

நேற்றுப் பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடித்தார்கள். காலை ஏழு மணிக்கு லொறி வந்தது. பின்னேரம் மூன்று மணிக்குள் வெள்ளைச் சேற்றைக் கக்கி முடித்துத் தண்ணீரையும் காட்டிவிட்டுப் போய்விட்டது. ஒரு பகல்தான். எங்கள் காலத்தில் ஒரு கிணறு என்றால் ஒரு பருவம் முழுக்க இழுக்கும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான திருநெல்வேலியில் மண்வெட்டி முட்டாமல் இறங்குவது இடுப்பளவுக்குத்தான். அதுவரை செம்பாட்டு மண், குங்குமம் மாதிரி. அதன்கீழ் சுண்ணாம்புக் கல். தண்ணீர் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது. ஆறில்லாத ஊர், யாழ்ப்பாணத்தான் குடித்ததும் குளித்ததும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைத்ததும் எல்லாம் கல்லை உடைத்து எடுத்த தண்ணீர். அந்தக் கல்லை உடைக்கிற தொழில்தான் என் பெரியப்பாவுக்கு. ஊரில் அவரை 'வெடிக்காரர்' என்பார்கள். அந்தப் பெயரில் அப்போது ஒரு பயமும் இல்லை. தையற்காரர், பேக்கரிக்காரர் மாதிரி அதுவும் ஒரு தொழிற்பெயர்.

அலவாங்கால் இரண்டு பேர் மாறி மாறிக் குத்திக் கல்லில் குழி எடுப்பார்கள். காலை தொடங்கினால் வெயில் ஏறும்வரை 'ணங், ணங்' என்று கேட்கும். பெரியப்பா கடைசியாகத்தான் இறங்குவார். மருந்தை வைத்து, திரியை விட்டு, மேலே பழைய டயரும் பச்சைப் பனைமட்டையும் போட்டு மூடுவார். பிறகு ஏணியால் ஏறி வந்து, கிணற்றுக் கட்டில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூவுவார்.

"வெடியோய்... வெடி!"

மூன்று முறை. முதற் கூவலுக்குச் சுற்றுவட்டாரத்து அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். இரண்டாவதற்கு மாடுகளை அவிழ்த்துத் தூரக் கொண்டுபோவார்கள். மூன்றாவது கூவலுக்குப் பிறகு ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பச்சைக் குழந்தை இருக்கிற வீடென்றால் அவர் முதல் நாளே படலையடியில் நின்று, "பிள்ளை, நாளைக்குப் பத்து மணியளவில ஒரு வெடி இருக்கு" என்று சொல்லிவிட்டு வருவார்.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஒழுங்கை முகப்பில் சிவப்புத் துணியோடு நிற்பது. சைக்கிளில் வருகிறவர்களை மறிக்க வேண்டும். எத்தனை பெரிய மனிதரென்றாலும், பள்ளிக்கூட வாத்தியார் என்றாலும், என் துணியைக் கண்டால் காலை ஊன்றி நிற்பார். பதின்மூன்று வயதில் அது சாதாரணப் பதவியில்லை.

*

வெடிமருந்துக்கு அரசாங்க அனுமதி வேண்டும். எவ்வளவு வாங்கினது, எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதிப் பொலிசில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் கொப்பியைப் பெரியப்பா பஞ்சாங்கத்தோடு சேர்த்து இறப்பில் செருகி வைத்திருப்பார். கையெழுத்து வைக்க வருகிறவர் ஒரு சிங்களச் சார்ஜன். நரைத்த மீசை, குடைக்கம்பி போல உடம்பு. மாமரத்தின் கீழ் கதிரை போட்டுக் கொடுத்தால் இளநீர் குடித்துவிட்டு, கொப்பியைப் பாதி பார்த்தும் பாதி பாராமலும் கையெழுத்து வைப்பார்.

அவர்களுக்குள் ஒரு நீண்ட கதை இருந்தது. சார்ஜன் குருணாகல் பக்கம் தன் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கிணறு வெட்டக் கல் விடுகிறதில்லை. பெரியப்பா நிலத்தில் விரலால் கீறி விளங்கப்படுத்துவார். "உங்கட பக்கம் கருங்கல்லு, ஐயா. எங்கட கல்லு பால்கட்டி மாதிரி. உங்கட கல்லுக்குக் கோவம் கூட." சார்ஜன் சிரிப்பார். ஓய்வு எடுத்ததும் பெரியப்பா அங்கே போய் ஒரு கிழமை தங்கிக் கிணறு வெட்டிக் கொடுப்பதென்று பேச்சு. சாப்பாடும் கள்ளும் சார்ஜன் பொறுப்பு.

1979இல் அந்த மாமர நிழல் கொஞ்சம் மாறியது. அந்த யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அவசரகாலச் சட்டம். டிசம்பர் 31க்குள் எல்லாவற்றையும் துடைத்து முடிக்கச் சொல்லி ஜனாதிபதி ஜெயவர்த்தன, பிரிகேடியர் திஸ்ஸ வீரதுங்கவை அனுப்பியிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்டதெல்லாம் இவ்வளவுதான்: சார்ஜன் தனியாக வருவதை விட்டுவிட்டு இரண்டு பேரோடு வந்தார். இளநீரை வேண்டாம் என்றார். கொப்பியை முழுவதும் பார்த்தார். மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணினார். போகும்போது மட்டும் பின்தங்கி, "எண்ணச் சொல்லி ஓடர்" என்று மெல்லச் சொன்னார். மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

ஓர் அரசாங்கம் தன் குடிகளை எண்ணத் தொடங்குவதும் யுத்தத்துக்கான ஆயத்தம்தான் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. கெடுபிடி கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னார்கள்.

எண்ணுவதற்குப் பகலில் ஆட்கள் வந்தார்கள் என்றால், கேட்பதற்கு இரவில் வந்தார்கள். அது 1982ஆக இருக்க வேண்டும். யாழ்ப்பாண நூலகம் எரிந்து ஒரு வருடமாவது ஆகியிருந்தது. 97,000 புத்தகங்கள் சாம்பலான அந்த 1981 யூன் முதலாம் திகதிக்குப் பிறகு பொடியளின் முகம் மாறியிருந்தது. வாத்திமார் சொல்வதற்கு வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டார்கள். தரப்படுத்தலில் பல்கலைக்கழகம் தவறிய அண்ணாமார் மதகில் இருந்து பேசும் பேச்சு, நாங்கள் கிட்டப் போனதும் நின்றது. அப்படி மதகில் இருந்த இருவர் ஓரிரவு பெரியப்பாவிடம் வந்தார்கள். ஒருவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கணக்கில் புலி என்று பெயர். விறாந்தையில் இருக்கச் சொன்னபோதும் இருக்கவில்லை.

"ஐயா, கல்லு எப்பிடி உடையுது?"

பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. "மருந்து கல்லை உடைக்கிறதில்லை, தம்பி. கல்லுக்குள்ள முதலே ஒரு வெடிப்பு இருக்கும். மருந்து அதைத் தேடிப் போகும், அவ்வளவுதான்."

அவர்கள் இன்னும் என்னவோ கேட்டார்கள். "நான் தண்ணிக்கு வெட்டுறவன். எனக்குத் தெரிஞ்சது தண்ணி மட்டும்தான்" என்று எழுந்துவிட்டார்.

சில நாள் கழித்துப் பஞ்சாங்கம் எடுக்கப் போனபோது அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு கிணற்றுக்கு எழுதியிருந்த எண்ணிக்கையில் 4 என்பது அழிக்கப்பட்டு 6 ஆகியிருந்தது. பெரியப்பா எழுத்தில் அழித்துத் திருத்தும் பழக்கம் இல்லாதவர். நான் கேட்கவில்லை. அவர் சாகும்வரை கேட்கவில்லை.

*

1983 யூலை முற்பகுதியில் எங்கள் பலாலி வீதி கிண்டிக் கிடந்தது. தொலைபேசிக் கம்பி புதைக்க வீதியோரமாக வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். நாங்கள் அதைப் பாய்ந்து கடப்பதில் போட்டி வைத்தோம். சந்தைக்குப் போகிற ஆச்சிமார் பலகை போட்டுக் கடந்தார்கள். பெரியப்பா ஒருநாள் அதன் ஓரம் நின்று பார்த்து, "கல்லுத் தட்ட முதலே நிப்பாட்டிப் போட்டாங்கள், சோம்பேறியள்" என்று தொழிற்காரனின் குறை சொன்னார்.

யூலை 23, சனிக்கிழமை இரவு. தபாற்பெட்டிச் சந்திப் பக்கம் ஒரு வெடி. ஓடு குலுங்கி வீட்டுக்குள் தூசு கொட்டியது. அதன்பின் துவக்குச் சத்தம், கனநேரம். அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். விறாந்தையில் படுத்திருந்த பெரியப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"இது கல்லு வெடியில்லை."

அந்த வாய்க்காலுக்குள் பொடியள் வைத்திருக்கிறார்கள். அரசாங்கம் கிண்டிய குழி. மருந்து மட்டும் மற்றப் பக்கத்தினுடையது. பதின்மூன்று இராணுவத்தினர் இறந்தார்கள். விடிந்ததும் ஆமி இறங்கி எங்கள் பக்கத்து வீடுகளிலும் வீதிகளிலும் சுட்டதில் சுமார் ஐம்பது பேர் செத்துப்போனார்கள். கொழும்பில் எரிந்ததை உலகம் அறியும். வெலிக்கடைச் சிறையில் இரண்டு நாட்களில் 53 பேர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட்டில் அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தன. வெள்ளவத்தையில் பதினெட்டு வருடம் இருந்த சித்தப்பா குடும்பம் 'லங்கா கல்யாணி'யில் வந்து இறங்கியது. சித்தியின் கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் வீட்டுத் திறப்புக்கோர்வை. வீடு எரிந்துவிட்டது என்று தெரிந்தும் திறப்பைக் கொண்டுவந்திருந்தார்.

கொஞ்சநாளில் சார்ஜன் வந்தார். யூனிபோர்ம் இல்லை, வெள்ளைச் சேர்ட். படலைக்கு வெளியே நின்றே பேசினார். "ஐயா, பெட்டி வீட்டில வைக்க வேணாம். ஸ்டேசனுக்குக் குடுங்க. இனிமே நல்லதில்ல." தனக்கு மாற்றம் வந்துவிட்டதென்றும் சொன்னார். பெரியப்பா கொப்பியை நீட்டினார். அவர் கடைசித் தடவையாகக் கையெழுத்து வைத்தார். அந்த 6 இருந்த பக்கத்தைத் தாண்டித்தான் போனார். நின்று பார்த்தாரா, பாராமல் விட்டாரா? குருணாகல் கிணற்றைப் பற்றி இருவரும் பேசவில்லை.

*

அதன்பின் இரண்டு பக்கமும் ஆயத்தம். பெரிய மேடையில் நடந்ததைப் பத்திரிகையிலும் தமிழோசையிலும் அறிந்தோம். 1984இல் தேசிய பாதுகாப்பு அமைச்சு என்று புதிதாக ஒன்று வந்தது. லலித் அத்துலத்முதலி அமைச்சர். விசேட அதிரடிப்படை உருவானது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க பிரித்தானிய முன்னாள் சிறப்புப் படையினரின் தனியார் நிறுவனமொன்று. கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலியர்களுக்கு ஒரு பிரிவு. சுதந்திர தின அணிவகுப்புக்கே அதிகம் பழகிய பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட இராணுவம், ஓர் உண்மையான யுத்த இயந்திரமாகத் தன்னை மாற்றிக்கொண்டிருந்தது.

மற்றப் பக்கம் கடல் கடந்தது. மயிலிட்டியாலும் வல்வெட்டித்துறையாலும் இருட்டில் வள்ளம் ஏறி, வேதாரணியக் கரையில் பொடியள் இறங்கினார்கள். அக்கரை என்றால் போதும். எந்தக் கரை என்று யாரும் கேட்பதில்லை. இந்திய அரசே வடக்கே உத்தரப் பிரதேசத்தில் பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டில் கொளத்தூர், ஒரத்தநாடு என்று முகாம் ஊர்களின் பெயர்கள் எங்கள் வாயில் புழங்கின. புலிகள், ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ், ஈரோஸ் என்று இயக்கங்கள். பள்ளிக்கூட மதிலில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரொட்டிகள். உயர்தர வகுப்பில் வரவுப் புத்தகம் கூப்பிடும்போது விழும் இடைவெளிகள். வாத்தியார் ஒரு பெயரைக் கூப்பிட்டு, சற்று நின்று, அடுத்த பெயருக்குப் போவார். 'வரவில்லை' என்று யாரும் சொல்வதில்லை.

ஊரில் நாங்கள் கண்டது சின்னச் சின்ன விஷயங்கள். தோட்டங்களில் குரங்கும் பன்றியும் சுட வைத்திருந்த பழைய துவக்குகளைப் பொடியள் வந்து கேட்டு வாங்கிப்போனார்கள். ஆமியின் ஜீப்புகள் மறைந்து, தென்னாபிரிக்காவிலிருந்து வந்த 'பவல்' ஓடத் தொடங்கியது. கண்ணிவெடியின் விசை இரண்டு பக்கமும் வழிந்து போகத்தக்கதாக அதன் அடி வயிறு கூராக இருக்கும். பெரியப்பா அதை முதன்முதல் கண்டபோது, "எங்கட வெடிக்கு ஏத்த மாதிரிச் சட்டி செய்திருக்கிறாங்கள்" என்றார். ஒருவன் குழிக்குள் என்ன வைக்கிறான் என்று பார்த்து மற்றவன் சட்டி செய்கிறான். சட்டியைப் பார்த்து இவன் மருந்தைக் கூட்டுகிறான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நல்ல மாணாக்கர் போலப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பனைகளைச் சொல்ல வேண்டும். முகாமைச் சுற்றிப் பார்வை மறைக்கிறது என்று ஆமி பனைகளைத் தறித்தது. தறித்த குற்றிகளைப் பங்கருக்கு அடுக்கியது. பொடியளும் தங்கள் சென்றிகளுக்கு அதே குற்றிகளைத்தான் அடுக்கினார்கள். வைரம் பாய்ந்த பனங்குற்றிக்கு நிகரில்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சாக்கும் அப்படியே. யூரியாச் சாக்கு, சீனிச் சாக்கு, மாச் சாக்கு. இரண்டு பக்கத்துச் சாக்குக்குள்ளும் எங்கள் மண்.

1985 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையம் விழுந்தது. அதன்பின் ஆமி முகாம்களுக்குள் ஒடுங்க, கோட்டையைச் சுற்றிப் பொடியள் காவல் போட்டார்கள். ஒல்லாந்தர் கட்டிய ஐங்கோணக் கோட்டைக்குள் ஒரு பக்கம். முற்றவெளிக்கு இப்பால் மறு பக்கம். வீதிகளில் மண்மூட்டை, அதற்குப் பின்னால் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர்கள். வீட்டுக்கு வீடு சாப்பாட்டுப் பார்சல் முறை வைத்துச் சேர்த்தார்கள். எங்கள் முறை புதனும் சனியும். அம்மா மரவள்ளிக்கிழங்குக் கறியும் சோறும் வாழையிலையில் கட்டிக் கொடுப்பார். "ஆருக்கோ பெத்த பிள்ளையள்" என்பார் ஒவ்வொரு முறையும்.

*

பெரியப்பாவுக்குப் புதுத் தொழில் பிறந்ததும் அப்போதுதான். கோட்டையிலிருந்தும் பலாலியிலிருந்தும் ஷெல் வரத் தொடங்கியதும் எல்லோருக்கும் பங்கர் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் இடுப்பளவுக்குக் கீழே கல். கல்லுக்கு மருந்தில்லை, பெட்டியை எப்போதோ கொடுத்தாயிற்று. அதனால் வெடிக்காரர் உளியும் சம்மட்டியும் அலவாங்கும் எடுத்தார். கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு மூன்று, வீடுகளுக்கு எத்தனையென்று நினைவில்லை. ‘ட' எழுத்துப் போல மடித்து வெட்ட வேண்டும், வாசலில் விழுந்தால் சிதறுவது உள்ளே வராது. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண். எங்கள் வளவில் நின்ற ஆறு பனையில் நான்கு அப்படிப் போனது.

நான் கூட நின்று மண் அள்ளினேன். கிணறு வெட்டும்போது கல் ஈரமாகத் தொடங்கினால் அவர் முகம் மலரும். பங்கர் வெட்டும்போது ஈரம் கண்டால் ஏசுவார். "தண்ணி வரக்கூடாதெண்டு வெட்டுற நாளும் வந்திட்டுது" என்று ஒருநாள் அலவாங்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதைவிட மோசமான நாளும் வந்தது. 1986 ஏப்ரல் கடைசியில் ஓரிரவு துவக்குச் சத்தம் கோட்டைப் பக்கமில்லாமல் எங்களுக்குப் பின்னால் கேட்டது. ஆமி வந்துவிட்டது என்று பங்கருக்குள் இறங்கினோம். ஆமியில்லை. ஓர் இயக்கம் மற்ற இயக்கத்தை அழித்துக்கொண்டிருந்தது. சில சந்திகளில் டயர் போட்டு எரித்தார்கள். அம்மாவின் பார்சலைச் சாப்பிட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்திருப்பார்கள். அடுத்த புதன் அம்மா சோறு கட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. 'ஆருக்கோ பெத்த' என்ற அந்தச் சொல்லும் வரவில்லை. கல்லுக்குள் முதலே வெடிப்பு இருக்கும் என்று பெரியப்பா சொன்னது எங்களுக்கும்தான் என்று அன்று விளங்கியது.

அந்த ஆண்டு பிற்பகுதியில் ஒருநாள் கோயில் பங்கருக்குள் நெருக்கிக்கொண்டிருந்தோம். மேலே ஹெலி சுற்றியது. ஷெல் ஒவ்வொன்றாக விழ, பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூரம், திசை, கல்லிலா மண்ணிலா விழுந்தது என்றெல்லாம் காதாலேயே சொல்லிவிடுவார். பயந்த பெண்களுக்கு அவர் சொல்வதே ஒரு தைரியம். அன்று ஒன்று மிக அருகில் விழுந்து குற்றிகளுக்கிடையால் மண் கொட்டியது. சத்தம் அடங்கியதும் பெரியப்பா சால்வையை உதறிக்கொண்டு, யாருக்கென்றில்லாமல் சொன்னார்.

"கூவாமல் வைக்கிறாங்கள்."

அவருக்குத் தொழிலில் தெரிந்த பெரிய பாவம் அதுதான்.

பின்னாளில் அதை எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். உண்மையில் கூவாமலா வைத்தார்கள்? பெட்டியை எண்ணியது முதற் கூவல் இல்லையா? நூலகம் எரிந்தது? வரவுப் புத்தகத்தில் வாத்தியார் நின்ற அந்த நொடி? படலைக்கு வெளியே நின்று 'இனிமே நல்லதில்ல' என்று சார்ஜன் சொன்னதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிக் கூவ முடியும்? எல்லாம் கேட்டது. ஆனால் மாட்டை அவிழ்த்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. பெரியப்பாவின் வெடிக்கு ஒதுங்க இரண்டு வளவு தள்ளிப் போனால் போதும். இதற்கு ஒதுங்க ஒரு நாடு வேண்டியிருந்தது. போக முடிந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் கல்லுக்குள் குழி வெட்டினோம்.

*

நேற்று மெசின் ஓட்ட வந்த பொடியன் எங்கள் பழைய கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உள்சுவரில குழாய் வச்ச மாதிரிக் கோடு கோடாக் கிடக்கு, அது என்ன?" என்று கேட்டான். குழி எடுத்து வெடி வைத்த இடத்தில் கல் பாதியாய்ப் பிளந்தால் மற்றப் பாதி அப்படித்தான் நிற்கும். விரல் வைத்தால் விரல் அடங்கும். பாசி பிடித்து, அதற்குள் ஒரு சின்னப் பன்னம் முளைத்திருக்கிறது. "அது பெரியப்பான்ர அலவாங்கு" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை, சிரித்துவிட்டுப் போனான்.

மெசின் கல்லில் முட்டி அலறத் தொடங்கியபோது நான் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். எப்போது இறங்கி நடந்தேனோ தெரியாது. ஒழுங்கை முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். ரியூசனுக்குப் போகிற ஒரு பொடியன் சைக்கிளில் வந்தான். என் கை தானாக உயர்ந்தது.

அவன் காலை ஊன்றி நின்றான். "என்ன ஐயா?"

கையில் துணி இல்லை. சொல்லவும் ஒன்றும் இல்லை.

"ஒண்டுமில்லை மோனை. பாத்துப் போ."